கூலியும் கையொப்பமும்

உயிரியல் விஞ்ஞானத்தைச் சிறப்புப் பாடமாகப் பயின்று வெளியேறும் இளைஞர் பலர் அண்மைக் காலத்தில் என்னிடம் கேட்கும் வினா ஒன்றுண்டு. நிறுவனம் எதிலும் சேராது, வருகின்ற வேலையை வருகின்றவாறே ஏற்று முடித்துக் கூலி பெறும் சுயாதீனப் பணி நன்றா, அன்றி ஒரு துறையின் நிபுணன் என்ற நிலையில் நின்று மதியுரை வழங்கும் பணி நன்றா என்பதே அவ்வினா. ஆங்கிலம் பழகிய நாவினர் முன்னையதைப் பிறீலான்ஸ் என்றும் பின்னையதைக் கொன்சல்ற்றிங் என்றும் கூறுவர். இரண்டிலும் சேர்த்துப் பதினைந்து ஆண்டுகள் உழன்றவன் என்ற ஒரு தகுதியைத் தவிர வேறு தகுதி எதுவும் இதற்கு விடை கூற எனக்கில்லை. ஆயினும் அவ்வனுபவம் கற்பித்தவற்றை ஒழுங்குபடுத்திக் கூறுவது பின்வருவோர் சிலருக்கேனும் பயன்படும் என்ற நம்பிக்கையில் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

இவ்வினா ஏன் எழுகின்றது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். நம்மவரிடையே உயிரியல் என்றால் வைத்தியம் என்ற எண்ணம் ஆழ வேரூன்றியுள்ளது. க.பொ.த. உயர்தரத்தில் உயிரியற் பிரிவைத் தெரிவு செய்யும் பிள்ளையின் கழுத்தில் அன்றே பெற்றோர் மனக்கண்ணால் இதயத்துடிப்புமானியை மாட்டி விடுகின்றனர். வைத்திய பீடத்துக்கு வேண்டிய புள்ளி கிட்டாதோர் விஞ்ஞான பீடத்தை வந்தடைகின்றனர். வந்த பின்னர் அவர்களுட் சிலர் தாவரவியலையோ விலங்கியலையோ நுண்ணுயிரியலையோ மெய்யாகவே விரும்பத் தொடங்குகின்றனர். விருப்பம் முளைக்கின்ற அதே வேளையில் வேலை எங்கே என்ற கவலையும் முளைக்கின்றது. தலவாக்கலையில் தேயிலைக்கும், அகலவத்தையில் இறப்பருக்கும், லுணுவிலயில் தெங்குக்கும், பத்தலகொடையில் நெல்லுக்கும் ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கின்றன. ஆயின் அங்குள்ள ஆராய்ச்சி உத்தியோகத்தர் ஒருவர் இளைப்பாறும் வரை ஒரு நாற்காலி காலியாவதில்லை; காலியாகும்போது அதற்காகக் காத்து நிற்போரோ பலர். எஞ்சுவது ஆசிரியப் பணி. அதற்கும் நியமனங்கள் மழையைப் போல் வேண்டிய காலத்தில் வருவதில்லை.

"கோழி மேய்த்தாலும் கவுண்மேந்தில் மேய்க்கவேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தார் வாயில் வழங்கும் பழமொழி. அப்பழமொழியின் நிழலில் வளர்ந்தவர் என் தாயார். நான் வீட்டில் இருந்தவாறே கணினியில் வேலை செய்து மாதந்தோறும் பணம் கொடுத்து வந்த காலத்திலும் அவருக்கு மனநிறைவு உண்டாகவில்லை. "தம்பி, நீ செய்யிறது என்ன உத்தியோகம் எண்டு சனம் கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?" என்று ஒருநாள் கேட்டார். அவர் கேட்டது அயலாருக்காகவே எனினும், அவ்வினா என் நெஞ்சில் நெடுநாள் தங்கிவிட்டது. நான் செய்வது யாது? விற்பது எதனை? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடியதன் வாயிலாகவே, இரு தொழில்களுக்கும் இடையே உள்ள உண்மையான வேறுபாட்டை நான் உணர்ந்துகொண்டேன்.

பிறீலான்ஸ் என்ற சொல்லின் வரலாறு சுவையானது. லான்ஸ் என்பது ஈட்டி. எந்த அரசனுக்கும் நிரந்தரமாகக் கட்டுப்படாது, கூலி கொடுப்பவன் பக்கம் நின்று போர் செய்யும் ஈட்டி வீரரைக் குறிக்க வோல்டர் ஸ்கொட் தமது ஐவன்ஹோ என்னும் நாவலில் இச்சொல்லைக் கையாண்டார். 1820ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த அந்நாவலுக்குப் பின்னரே அது பரவலாயிற்று. ஆகவே பிறப்பிலேயே அச்சொல்லில் விடுதலையும் கூலியும் ஒட்டிக்கொண்டுள்ளன. மதியுரை என்பதன் இயல்பு வேறு. அங்கு விலைபோவது கையின் உழைப்பன்று, ஒருவரின் தீர்ப்பு. கட்டுரையைத் திருத்தித் தருக, விதைகளை எண்ணித் தருக, தரவுகளை அட்டவணைப்படுத்தித் தருக என்பன வேலைகள். இவ்விடத்தில் இதனைக் கட்டலாமா, இம்மருந்தைப் பற்றி இவ்வாறு கூறலாமா என்பன தீர்ப்பை வேண்டி நிற்பவை. சட்டத்தின் கண்ணில் இரண்டையும் செய்பவன் ஒருவனாகவே இருக்கலாம். இருவரும் நிரந்தரச் சம்பளம் அற்றவராகவும் இருக்கலாம். வேறுபாடு பதவிப் பெயரிலோ சம்பளப் பத்திரத்திலோ இல்லை. விற்கப்படுவது யாது என்பதிலேயே உள்ளது.

தமிழ் மாணவருக்கு இவ்வேறுபாடு புதியதன்று. சங்ககாலப் பாணரும் புலவரும் ஊரூராகச் சென்று பாடிப் பரிசில் பெற்றனர். அவர்களுக்கு மாதச் சம்பளம் இருந்ததில்லை. ஆயினும் அதியமான் தம்மைக் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார் எனப் புறநானூறு கூறுகின்றது. அதே பரிசிலர் மரபைச் சேர்ந்த கோவூர்கிழார், உறையூரை முற்றுகையிட்டிருந்த நலங்கிள்ளிக்கும் கோட்டைக்குள் அடைபட்டிருந்த நெடுங்கிள்ளிக்கும் நடுவே நின்று, இருவரில் எவர் தோற்பினும் தோற்பது சோழர் குடியே என இடித்துரைத்தார். பாடிப் பெற்றவரே தேவை வந்தபோது மதியுரைஞராகவும் நின்றார். வறுமை அவர்களுக்கு இருந்தது. வறுமைக்கு அஞ்சிச் சொல்லை மாற்றும் வழக்கம் மட்டும் இருக்கவில்லை.

உயிரியல் விஞ்ஞான வரலாற்றில் சுயாதீனப் பணியாளருக்குச் சிறந்த எடுத்துக்காட்டு அல்பிரட் ரசல் வொலஸ். செல்வமோ பல்கலைக்கழகப் பட்டமோ இல்லாத அவர் 1848ஆம் ஆண்டு அமேசன் காடுகளுக்குச் சென்று, பூச்சிகளையும் பறவைகளையும் சேகரித்து விற்று வாழ முற்பட்டார். இலண்டனில் சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்ற தரகர் அவற்றை அரும்பொருளகங்களுக்கும் செல்வர்களுக்கும் விற்றுக் கொடுத்தார். 1852இல் வொலஸ் நாடு திரும்புகையில் கப்பல் நடுக்கடலில் தீப்பற்றியது. தம்முடன் கொண்டுவந்த சேகரிப்பை ஏறக்குறைய முற்றாகவே இழந்தார். ஸ்டீவன்ஸ் முன்யோசனையுடன் 200 பவுணுக்குக் காப்புறுதி செய்திருந்தமையாலேயே அவர் பட்டினியின்றிப் பிழைத்தார். பின்னர் 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுக்கூட்டத்தில் அலைந்து 125,660 மாதிரிகளைச் சேகரித்தார். அவ்வலைச்சலின் நடுவிலேயே 1858இல் இயற்கைத் தேர்வு பற்றிய கட்டுரையை எழுதி டார்வினுக்கு அனுப்பினார். எசமான் ஒருவருக்குக் கட்டுப்பட்டவராக இருந்திருப்பின் அவ்வளவு தூரம் சென்றிருக்கவும் அவ்வளவு தூரம் சிந்தித்திருக்கவும் அவரால் இயன்றிருக்குமா என்பது ஐயமே. ஆயின் அதன் விலையையும் மறத்தலாகாது. நிலையான உத்தியோகம் இறுதிவரை அவருக்கு வாய்க்கவில்லை. நூல் எழுதியும் பரீட்சை விடைத்தாள் திருத்தியும் காலந்தள்ளிய அவருக்கு, டார்வின் முதலானோர் முயன்றதன் பயனாக 1881இல் ஆண்டுக்கு 200 பவுண் அரச உதவி கிடைத்தது. அப்போது அவர் வயது ஐம்பத்தெட்டு.

மதியுரைஞருக்கு எடுத்துக்காட்டு நம் மலைநாட்டிலேயே உண்டு. 1869ஆம் ஆண்டில் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறத் துரு தோன்றியது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவெயிற்ஸ் அனுப்பிய மாதிரிகளைக் கொண்டு, ஹெமிலியா வஸ்டாற்றிக்ஸ் என அப்பங்கசுக்குப் பெயரிடப்பட்டது. 1870களின் பிற்பகுதியில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற் பரந்திருந்த கோப்பிச் செய்கை ஆட்டங்கண்டது. 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இரண்டாண்டுத் தவணைக்கு இங்கு வரவழைக்கப்பட்டார். தோட்டத் துரைமார் அவரிடம் எதிர்பார்த்தது மருந்து. அவர் கண்டறிந்து கூறியதோ வாழ்க்கை வட்டம். காற்றில் வரும் வித்திகள் ஈர இலையில் முளைத்து இலைவாய்கள் ஊடாக உட்புகுகின்றன; உட்புகுந்த பின்னர் அழிப்பது அரிது; மலை முழுவதும் இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமை நோய்க்குத் தீனியிட்டமை போலாயிற்று என்பதே அவர் அறிக்கைகளின் சாரம். துரைமார் மகிழவில்லை. கோப்பி வீழ்ந்தது, தேயிலை எழுந்தது. அவ்வீழ்ச்சியின் சுமையில் பெரும் பங்கைத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரே தாங்கினர். வார்ட் நோயைத் தீர்க்கவில்லை எனினும், தாவர நோயியலுக்கு அவர் இங்கு இட்ட அடிப்படை உலகெங்கும் நிலைத்தது. அவரது சம்பளம் துரைமார் ஒவ்வொருவரின் பணப்பையிலிருந்து நேரே வரவில்லை என்பதையும், தவணை முடிந்ததும் இங்கிலாந்தில் அவருக்கு வேறு வாழ்வு இருந்தது என்பதையும் இங்கு குறித்துக்கொள்வோமாக.

இனி என் அனுபவத்துக்கு வருகின்றேன். பட்டம் பெற்றபின் வெளிநாட்டு ஆய்வாளர்கள் ஆங்கிலத்தில் எழுதும் விஞ்ஞானக் கட்டுரைகளைத் திருத்தும் வேலையை ஏற்றேன். ஊதியம் சொற்கணக்கில், சொல் ஒன்றுக்கு இரண்டு அமெரிக்கச் சதம். ஐயாயிரம் சொற்கொண்ட கட்டுரை ஒன்றைத் திருத்தினால் நூறு டொலர். இரண்டு நாள் வேலை. சிலவேளை மூன்று நாள். கேட்பதற்கு இது நல்ல வருமானமாகத் தோன்றும். ஆயின் ஒரு மாதம் பத்துக் கட்டுரை வரும். மறுமாதம் ஒன்றுகூட வராது. காய்ச்சலாய்க் கிடந்த நாளுக்குக் கூலி இல்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி நிறுவனமொன்றில் வேலை செய்பவரின் சம்பளத்தில் 8 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்குச் செல்ல, தொழில் கொள்வோர் மேலும் 12 வீதம் செலுத்துகின்றார். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னுமொரு 3 வீதம் செலுத்தப்படுகின்றது. பதினைந்து பேருக்குக் குறையாதோர் பணிபுரியும் நிறுவனத்தில் ஐந்தாண்டு நிறைந்தால், ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் என்ற கணக்கிற் பணிக்கொடையும் உண்டு. சுயாதீனப் பணியாளனுக்காக இவற்றைச் செலுத்துவார் எவருமிலர். அவனே தொழிலாளி, அவனே முதலாளி, ஆனால் முதலாளி கொடுக்க வேண்டிய பங்கைப் பெரும்பாலும் எவரும் கொடுப்பதில்லை.

இன்பமும் இல்லாமலில்லை. வியட்நாமில் இறாற் பண்ணை நோய்களை ஆராயும் ஒருவரின் கட்டுரை ஒரு கிழமை. துருக்கியின் மலைச்சரிவுகளில் காட்டுக் கோதுமையைத் தேடும் ஒருவரின் கட்டுரை மறு கிழமை. சமையலறை மேசையில் இருந்தவாறே உலகின் ஆய்வுகூடங்கள் பலவற்றுள் எட்டிப் பார்த்தேன். 2022ஆம் ஆண்டில் நாடு பொருளாதார நெருக்கடியில் ஆழ்ந்தபோது அவ்வேலையே எம் வீட்டைத் தாங்கியது. மார்ச் மாதத் தொடக்கத்தில் இருநூறு ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் முந்நூற்றறுபது ரூபாவளவுக்கு ஏறியது. அரச உத்தியோகத்தில் இருந்த உறவினரின் சம்பளம் அசையாது நிற்க, விலைகளோ ஏறின. என் நூறு டொலர் மட்டும் இருபதினாயிரத்திலிருந்து முப்பத்தாறாயிரமாயிற்று. ஆயினும் அம்மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மின்சாரம் வரும் நள்ளிரவில் எழுந்து திருத்தி, மீண்டும் இருள் கவியுமுன் அனுப்பிய இரவுகள் பல. தவணை கொடுத்தவர்க்கு எம் ஊரின் இருட்டு தெரியாது. தெரிய வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை.

அக்காலத்தில் வந்த வேலையொன்று என்னைச் சிந்திக்க வைத்தது. ஒரு மருந்து பற்றிய கட்டுரையை முழுமையாக நானே எழுத வேண்டும். அதிற் கையொப்பமிடுபவர் வேறொரு வைத்திய நிபுணர். என் பெயரோ, பணம் கொடுக்கும் நிறுவனத்தின் பெயரோ எங்கும் வரலாகாது. கூலி வழக்கத்திலும் நான்கு மடங்கு. இத்தகைய வேலைக்கு மருத்துவ உலகிற் கசப்பான வரலாறு உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஓமோன் சிகிச்சையை ஆதரித்து 1998 முதல் 2005 வரை வெளிவந்த 26 கட்டுரைகள் மருந்துக் கம்பனியொன்றின் பணத்தில், கூலிக்கு அமர்த்தப்பட்ட எழுத்தாளரால் ஆக்கப்பட்டவை என்பது 2009இல் நீதிமன்ற ஆவணங்கள் வாயிலாக வெளிப்பட்டது. அச்சிகிச்சையின் ஒரு வகை மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுவதாகக் கண்டு அமெரிக்காவில் பெரும் ஆய்வொன்று 2002இல் இடைநிறுத்தப்பட்டிருந்தது. எழுதியவர்கள் திறமையற்றோர் அல்லர். அவர்கள் எழுதிய வாக்கியங்கள் இலக்கணப் பிழை அற்றவை. எழுதியவர் வேறு, பொறுப்பேற்றவர் வேறு என்ற பிளவே அங்கு நேர்ந்த கேடு. எனக்கு வந்த வேலையில், எழுத்துதவி செய்தவர் இன்னார், பணம் கொடுத்தவர் இன்னார் என்ற ஒரு வரியை நன்றியுரையிற் சேர்க்குமாறு கேட்டேன். பதில் வரவில்லை. அதன்பின் அந்நிறுவனத்திடமிருந்து எந்த வேலையும் வரவில்லை.

மதியுரைப் பணிக்கு நான் வந்தது சுற்றாடல் தாக்க மதிப்பீடுகளின் வழியாக. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் 1988இல் திருத்தப்பட்டு, 1993இல் கருத்திட்ட வகைகள் வர்த்தமானியில் வெளியிடப்பட்ட காலந்தொட்டு, பெருந்திட்டங்களைத் தொடங்குமுன் அவற்றின் விளைவுகளை ஆராய்ந்து அறிக்கை சமர்ப்பிக்க வேண்டியது கட்டாயமாயிற்று. இதனால் தாவரவியல், விலங்கியல் கற்றோருக்குப் புதியதொரு வாயில் திறந்தது. ஆனால் வாயிலிலேயே ஒரு முரண்பாடும் குந்தியிருக்கின்றது. அறிக்கை தயாரிக்கும் செலவைக் கொடுப்பவர் திட்டத்தை முன்மொழிபவரே. எவருடைய திட்டத்தை நாம் நிறுக்கின்றோமோ அவரே தராசுக்கும் வாடகை கொடுக்கின்றார்.

இம்முரண்பாட்டுக்குள்ளும் நல்ல பணி செய்ய முடியும் என்பதை நான் கண்டிருக்கின்றேன். கிராமிய வீதியொன்றின் விரிவாக்கத்துக்காக ஓடையொன்றை ஆராய்ந்தபோது, திட்டமிட்ட மதகின் குழாய்கள் ஓடையின் அடித்தளத்துக்கு மேலே அமைவதால் கோடையில் மீன்கள் மேலேற இயலாது போகும் என எழுதினேன். பொறியியலாளர் வரைபடத்தைப் பார்த்தார், சிறிது சிந்தித்தார், குழாய்களை ஒன்றரை அடி தாழ்த்தினார். செலவு அதிகமில்லை. இரண்டாண்டு கழித்து அவ்வழியே செல்கையில் மதகின் இருபுறமும் மீன்குஞ்சுகளைக் கண்டேன். பல்லாயிரம் சொற்களைத் திருத்தியபோதும் கிட்டாத மகிழ்ச்சி அது. மதியுரை பலித்தால் மண்ணில் ஒன்று மாறுகின்றது.

மறுபக்கமும் உண்டு. வடமேற்குக் கரையோரக் களப்பொன்றின் அருகே அமையவிருந்த திட்டத்துக்குப் பறவைகளைக் கணக்கெடுக்குமாறு ஒரு நிறுவனம் என்னை அழைத்தது. பத்து நாள் ஆய்வு. அதுவும் ஆடி மாதத்தில். மத்திய ஆசிய வான்வழியே வடக்கிலிருந்து வரும் பறவைகள் புரட்டாதி, ஐப்பசியில் எம் கரைகளை அடைந்து பங்குனி, சித்திரையில் திரும்புகின்றன என்பது பள்ளிப்பிள்ளையும் அறிந்த செய்தி. மன்னாரில் வங்காலைச் சரணாலயம் 2010இல் றாம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டமைக்கு அங்கு வந்து தங்கும் இப்பறவைக் கூட்டங்களும் காரணமாயின. ஆடியில் களப்புக்குச் சென்று பறவை குறைவு என எழுதுவது, பாடசாலை விடுமுறையிற் சென்று மாணவர் இல்லை என எழுதுவதை ஒக்கும். மாரியிலும் ஒரு முறை கணக்கெடுக்க வேண்டும் என்றேன். முதலீட்டாளர் அதுவரை பொறுக்கமாட்டார் என்றனர். அவ்வாறாயின் ஆய்வு ஆடி மாதத்தில் மட்டும் நடந்தது, வலசை வரும் பறவைகள் பற்றி இதனைக் கொண்டு எதுவும் கூற இயலாது என்ற ஒரு வாக்கியத்தையேனும் அறிக்கையிற் சேர்க்க அனுமதியுங்கள் என்றேன். அவ்வாக்கியம் வேண்டாம் என்றனர். வாக்கியம் இல்லையெனில் என் கையொப்பமும் இல்லை என்று கூறி விலகினேன். ஐந்து மாத வருமானம் கைநழுவியது. அவ்வாண்டு வீட்டு வாடகைக்கு என் மைத்துனரிடம் கடன் வாங்க நேர்ந்தது.

என் இடத்துக்கு வேறொருவர் வந்தார், அறிக்கை முடிந்தது. அவரைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு வேறு வருமானம் இருக்கவில்லை. எனக்கோ சொல்லுக்கு இரண்டு சதம் தரும் திருத்த வேலை இருந்தது. என் நேர்மைக்கு உரமிட்டது என் குணம் மட்டுமன்று. நான் சிறுமையாக எண்ணியிருந்த அக்கூலி வேலையும்தான் என்பதை அன்று உணர்ந்தேன். வேண்டாம் எனக் கூறும் ஆற்றல் உள்ளவனின் மதியுரைக்கே மதிப்புண்டு. அவ்வாற்றலோ வீட்டில் எத்தனை மாதத்து அரிசி இருக்கின்றது என்பதைப் பெரிதும் பொறுத்தது. அறநெறி பற்றிய நூல்கள் இதனைக் கூறத் தயங்குகின்றன. பசித்தவனிடம் பக்கச்சார்பின்மையை எதிர்பார்க்கும் சமூகம் முதலில் அவன் பசியைப் பற்றிச் சிந்திக்க வேண்டும்.

அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது மாரிக்காலம் தொடங்கியிருந்தது. சட்டம் பொதுமக்கள் கருத்துக்கு முப்பது நாள் அளிக்கின்றது. அம்முப்பது நாளுள் நான்கு காலைப் பொழுதுகள் என் சொந்தச் செலவில் அக்களப்புக்குச் சென்று, பூநாரைகளையும் ஊசிவால் வாத்துக்களையும் எண்ணி, திகதியும் நேரமும் இட்டு, சாதாரணக் குடிமகன் என்ற முறையில் அனுப்பி வைத்தேன். கிடைத்தது என்ற பதில் வந்தது. வேறு காரணங்களால் அத்திட்டம் இன்றுவரை தொடங்கப்படவில்லை. என் கடிதத்தால் என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன். ஆயினும் அக்கணக்கு ஒரு கோப்பில் இருக்கின்றது. எப்பாவலப் பொஸ்பேற்றுப் படிவு தொடர்பான வழக்கில் 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அப்பகுதி மக்களின் மனுவை ஏற்று, சுற்றாடற் சட்டத்தின் நடைமுறையைச் சுற்றிக் கடக்க முற்பட்டதைக் கண்டித்ததோடு, தேசிய விஞ்ஞான அக்கடமி போன்ற அமைப்புக்களின் ஆலோசனையுடன் முழுமையான ஆய்வையும் வேண்டியது. கோப்பில் உறங்கும் உண்மைகளுக்கும் ஒருநாள் விழிப்பு வரக்கூடும் என்பதை அவ்வழக்கு எனக்கு உணர்த்தியது.

2022 நவம்பருக்குப் பின் இரு தொழில்களின் நிலையும் மாறி வருகின்றது. மொழியைத் திருத்தவும் எழுதவும் வல்ல செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் எல்லோர் கைக்கும் வந்தபின், என்னிடம் வந்த திருத்த வேலைகள் பாதியாகக் குறைந்தன. சொற்கணக்கிற் கூலி பெற்ற காலம் முடிவை நெருங்குகின்றது என்றே கருதுகின்றேன். ஆயினும் மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு 2023இல் ஒன்றைத் தெளிவாக்கியது: பொறியை ஆக்கியோராகக் குறிப்பிடலாகாது, ஏனெனில் எழுதியதன் உண்மைக்குப் பொறுப்பேற்க அதனால் இயலாது. எழுதும் திறமை அதற்கு இல்லை என்று அக்குழு கூறவில்லை. பொறுப்பேற்கும் தகுதி இல்லை என்றே கூறியது. எனவே உழைப்பு மலிவாகும் இக்காலத்தில் மனிதனிடம் விலை மதிக்கத்தக்கதாக எஞ்சுவது அவன் கையொப்பம். அதன் விலை ஏறும்போது அதனை வாங்க முற்படுவோரும் பெருகுவர் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

இவற்றை எல்லாம் கருதி, இளைஞருக்கு நான் கூறக்கூடியது இதுவே. பட்டம் பெற்ற மறுநாளே மதியுரைஞர் என்று பெயர்ப்பலகை மாட்டாதீர்கள். தீர்ப்பு என்பது பிறருடைய களங்களிற் பல பருவங்களைக் கண்டபின் பழுப்பது. முதலில் ஓர் ஆய்வுகூடத்திலோ நிறுவனத்திலோ சில ஆண்டுகள் சம்பளத்துக்கு உழையுங்கள். பின்னர் சுயாதீனப் பணியை ஏற்பின், வேலையின் எல்லை, தவணை, கூலி, பாதி முற்பணம் ஆகியவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நட்பை நம்பிச் செய்த கொந்தராத்து பெரும்பாலும் நட்பையும் பணத்தையும் ஒருங்கே இழக்கச் செய்யும். 8, 12, 3 என்பவற்றின் கூட்டுத்தொகை 23. வருகின்ற ஒவ்வொரு நூறு ரூபாவிலும் இருபத்துமூன்று ரூபாவை உங்களுக்கு நீங்களே முதலாளியாகி ஒதுக்கி வையுங்கள். அச்சேமிப்பு முதுமைக்கு மட்டுமன்று. வேண்டாம் எனக் கூறவேண்டிய நாளுக்கும் உரியது. மதியுரைப் பணிக்கு வந்தபின் களக்குறிப்பேட்டை உயிரெனக் காத்துக்கொள்ளுங்கள். காணாத பருவத்தைக் கண்டதாக எழுதாதீர்கள். கண்டதன் எல்லையைக் கூறும் ஒரு வாக்கியத்தை எவர் தடுப்பினும் விட்டுக்கொடாதீர்கள்.

ஆகவே இரண்டில் எது நன்று என்ற வினாவை நான் சிறிது மாற்றிக் கேட்கவே விரும்புகின்றேன். கூலிவேலை இழிந்ததன்று, மதியுரை தன்னளவில் உயர்ந்ததுமன்று. வொலஸ் கூலிக்கு வண்டு பிடித்தவர். வார்ட் தவணைக்கு அமர்ந்து நோயை ஆராய்ந்தவர். இருவரும் தாம் கண்டதைத் தம் பெயரால் கூறினர். முன்னையது நம் வீட்டைத் தாங்கட்டும். பின்னையது நம் கல்வியை நாட்டுக்குப் பயன்படச் செய்யட்டும். அதற்கு ஏற்றவாறு வாழ்க்கையை அமைத்துக்கொள்வது ஒவ்வொருவர் பொறுப்பு. என் தாயார் இப்போது அயலாரிடம், "மகன் பறவை எண்ணுறவன், பொய்க்கணக்கு எழுதமாட்டான்" என்று கூறுகின்றாராம். எந்த நியமனக் கடிதத்திலும் இத்தகைய பதவிப்பெயரை நான் கண்டதில்லை; ஆயினும் அதனை நான் மனமுவந்து ஏற்றுக்கொள்கின்றேன்.